ஒடுக்கு எடுத்த குடம்

எங்கள் வீட்டுக் கண்ணாடி பீரோவைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் என்ன கேட்பார்கள் என்பது எனக்கு மனப்பாடம். "இதெல்லாம் உங்க குடும்பத்துச் சாமானா?" என்பார்கள். அந்த 'உங்க'வில் ஓர் இழுப்பு இருக்கும். காணி நிலம் இல்லாதவன் வீட்டில், உப்பளக் கூலி வீட்டில், ரயில்வே கேங்மேன் வீட்டில் பரம்பரைச் சாமான் எங்கிருந்து வரும் என்கிற இழுப்பு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். வந்தாலும் அடக்கிக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, காபி கொடுத்து, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவேன். பெருமைதான், வேறென்ன? பெருமைப்படுவதற்குக்கூடப் பட்டா வேண்டுமா?

உப்பு வாரும் பலகை ஒன்று இருக்கிறது. என் அப்பாவைப் பெற்றவர் கோவளத்துப் பக்கம் உப்பளத்தில் பிடித்தது. கைபட்டுக் கைபட்டு அதன் பிடி நடுவில் இளைத்துப் போயிருக்கும். மழைக்காலத்தில் அப்பா தண்டவாளம் பார்க்கப் போகும்போது எடுத்துப்போன கைவிளக்கு இருக்கிறது, ஒரு பக்கம் சிவப்புக் கண்ணாடி, ஒரு பக்கம் பச்சை. கட்டுமரத் துடுப்பு ஒன்று கோவளத்தில் ஒரு வீட்டு அடுப்புக்குப் போக இருந்தது. அந்த வீட்டு அம்மாளோடு சண்டை போட்டு, பதிலுக்கு ஒரு கட்டு விறகு வாங்கிக் கொடுத்து, அதைச் செங்கல்பட்டுக்குக் கொண்டுவந்தேன். பஸ்ஸில் அது மூன்று பேர் தலையில் இடித்தது. மூன்று பேரும் என்னைத் திட்டினார்கள். வாங்கிக்கொண்டேன்.

நான் ஆசிரியைப் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்தது ஐம்பதுகளில். எவர்சில்வர் வீடு வீடாக வந்துகொண்டிருந்த சமயம் அது. பழைய பித்தளையையும் வெண்கலத்தையும் தள்ளிவிட்டு, தகதகவென்று ஒரு டவராவை வாங்கிக்கொண்டு பெண்கள் பூரித்துப் போவார்கள். எனக்கு வயிறு எரியும். "அந்த உருளி எத்தனை கல்யாணம் பார்த்ததோ, அதைக் கொடுத்துட்டு இந்தத் தகரத்தை வாங்கறீங்களே!" என்று தெருவில் நின்று கத்துவேன். என்னைக் கண்டாலே பாத்திரக்காரன் அடுத்த தெருவுக்குப் போய்விடுவான்.

"சனங்க தூக்கிப் போடறத எல்லாம் நீ தூக்கிகினு வர. நாளைக்கு எங்களயும் பீரோல வச்சிப் பூட்டிடுவ போல கீதே" என்று அம்மா கேலி செய்வாள்.

ஆனால் அப்படிச் சொன்ன அம்மாதான் இந்தப் பைத்தியத்தை எனக்குத் தந்தவள். பீரோவில் வைத்த எதுவும் அவளிடம் இருந்த அந்தப் பித்தளைக் குடத்துக்கு ஈடாகாது. அதன் கதையைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

எங்கள் பூர்வீக ஊர் மாமல்லபுரத்துக்கு வடக்கே, கால்வாயை ஒட்டி. ஊரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. இப்போது அங்கே இருக்கிற பிள்ளைகளுக்கு எதற்கு அந்தப் பழி? ஊரின் நடுவே ஒரு கிணறு, ராட்டினம் போட்டு, சுற்றிலும் கல் பாவிய மேடையோடு. அது ஊர்க்காரர்களுக்கு. எங்கள் தெரு கிழக்கே, கால்வாய்க் கரையில். எங்களுக்கு ஒரு குட்டை. மாடு குளிக்கும் குட்டையேதான். எங்கள் பெண்கள் மண்பானையில்தான் தண்ணீர் எடுத்தார்கள். பித்தளை வாங்க வழி இல்லாதது ஒரு காரணம். வாங்கினாலும் தெருவில் எடுத்துப்போக முடியாது என்பது இன்னொன்று. எழுதாத சட்டம். எழுதியிருந்தால் கிழித்தாவது போட்டிருக்கலாம்.

அம்மா அந்தத் தெருவுக்கு மருமகளாக வந்தபோது, மாமனார் உப்பளத்தில் உழைத்த காசைச் சேர்த்து, திருக்கழுக்குன்றத்துத் திருவிழாக் கடையில் ஒரு பித்தளைக் குடம் வாங்கி வந்தார். எங்கள் தெருவுக்கு வந்த முதல் பித்தளைக் குடம். ஆண்டாண்டு காலமாக மண்ணே பார்த்த தெரு, அதை வந்து வந்து தொட்டுப் பார்த்ததாம். "என் மருமவ இடுப்புல இது ஒக்காந்து வரணும்" என்றாராம் மாமனார்.

உட்கார்ந்துதான் போயிற்று. முதல் நாள் காலையிலேயே அம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு குட்டைக்குக் கிளம்பினாள். குட்டைக்குப் போகிற வழி கிணற்றைத் தாண்டித்தான். மேடையில் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து வந்தார். ஊரில் பெரிய கை. "பித்தள கேக்குதா ஒங்களுக்கு?" என்றார். அம்மா பதில் சொல்வதற்குள் காலால் ஓர் உதை. குடம் உருண்டு கிணற்றுக் கல்லில் மோதி நின்றது. எடுத்துப் பார்த்தால் வயிற்றில் ஓர் ஒடுக்கு, உள்ளங்கை அகலத்துக்கு.

அம்மாவுக்கு அப்போது பதினெட்டு வயதுகூட இருக்காது. அழவில்லையாம். அழுதேன் என்று எப்போதும் சொன்னதில்லை, நானும் நம்பிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து மாமனார் முன்னால் குடத்தை வைத்துவிட்டு, "இந்தக் கெணத்துல என் கையால மொண்டு இந்தக் கொடத்த ரொப்பற வரிக்கும், இந்த ஒடுக்க எடுக்கமாட்டேன். யாரையும் எடுக்க வுடவும் மாட்டேன்" என்று சொன்னாளாம். சில மாதங்களில் அப்பாவுக்குச் செங்கல்பட்டில் ரயில்வே கேங் வேலை கிடைத்து, இருவரும் குடத்தோடு, வரிசையாகக் கட்டிய ரயில்வே லைன் வீட்டுக்குக் குடிவந்து விட்டார்கள்.

அண்ணனும் நானும் பிறந்து வளர்ந்தது அந்த ஒடுக்கைப் பார்த்துத்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் அம்மா புளியும் செங்கல்பொடியும் போட்டு அதைத் தேய்ப்பாள். வேறு யாரும் தொடக்கூடாது. ஒடுக்குக்குள் கட்டைவிரலை விட்டு விட்டு, அங்கே ஒரு துளி களிம்பு இல்லாமல் துலக்குவாள். கழுவிக் கவிழ்த்து வைக்கும்போது ஒடுக்கு தெருப்பக்கம் பார்த்துத்தான் இருக்கும். மற்றவர்கள் ஒடுக்கைச் சுவர்ப்பக்கம் திருப்பி மறைப்பார்கள். எங்கள் அம்மா ஊருக்கே காட்டுவாள். ஈயம் பூசுகிறவர் வருஷா வருஷம் வந்து, "ரெண்டு தட்டு தட்டுனா போய்டும்மா" என்பார். "ஒன் வேலயப் பாத்துகினு போ" என்று விரட்டிவிடுவாள்.

"இன்னும் எத்தன நாளைக்குடி இது?" என்று அப்பா எப்போதாவது கேட்பார். சாது மனிதர். தண்டவாளத்தைத் தவிர யாரையும் தட்டாதவர்.

"வேள வரும்" என்பாள் அம்மா. ஆனால் எனக்குத் தெரியும், அவளுக்குப் பயம் இருந்தது. அந்த ஊரில் மிச்சம் இருந்த எங்கள் சொந்தக்காரர்களை நினைத்த பயம். மொண்டுவிட்டு நாம் பஸ் ஏறி வந்துவிடலாம், அங்கேயே இருக்கிறவர்கள் கதி? அதனால் ஒவ்வொரு வருஷமும் வேளை வராமலே போனது.

அப்புறம் அண்ணி வந்தாள். அச்சரப்பாக்கத்துப் பெண். சுறுசுறுப்பு என்றால் அப்படி ஒரு சுறுசுறுப்பு, நிற்கிற இடத்தில் தரை பளபளக்கும். அவளிடம் ஒரே ஒரு குறை, பொய் சொல்ல வராது. அண்ணன் ஆசையாக வாங்கி வந்த புடவையைப் பார்த்து, "கலர் நல்லா இல்லீங்க, மாத்திகினு வாங்க" என்று கல்யாணமான முதல் வாரத்திலேயே சொன்னவள். அம்மாவுக்கு அவளை ரொம்பப் பிடித்துப் போயிற்று. ஆனால் பாருங்கள், அந்த ஒடுக்கைப் பற்றி அவளிடம் யாருமே சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று வீட்டுக்கு வந்த மருமகளிடம் யாராவது சொல்வார்களா? எங்களுக்கு அது அப்படி.

அந்த வருஷம் ஈஸ்டருக்குக் கொஞ்சம் முன்னால் மெட்ராஸிலிருந்து ஒருவர் வந்தார். பழைய சாமான் வாங்கி விற்கிறவர். திருக்கழுக்குன்றத்துப் பக்கம் பெரிய வீடுகளில் குத்துவிளக்கும் பல்லாங்குழியும் வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகிற வழியில், எங்கள் வாசலில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்த குடத்தைக் கண்டு நின்றுவிட்டார். தூக்கினார், விரலால் சுண்டினார், கழுத்தைத் தடவினார். எனக்கு உள்ளூரக் குஷி. என்னைப்போல இன்னொரு பைத்தியம்!

"அசல் கைத்தட்டு வேலை. இப்ப யார் இந்த மாதிரி செய்யறா?" என்றார். "ஆனா இந்த ஒடுக்கு இருக்கே, இது மட்டும் இல்லேன்னா ராஜா மாதிரி இருக்கும். சரி, என்ன விலை?"

"அது விக்கறதுக்கு இல்ல" என்றாள் அம்மா.

"நல்ல வெலயே கொடுக்கறேன்மா."

"நீ மெட்ராஸையே கொடுத்தாலும் இல்ல. கொடத்த அங்கியே வை. ஒடுக்கு தெருவப் பாக்கணும், அப்டியே வை."

அவர் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டுப் போனார். விஷயம் முடிந்தது என்று நினைத்தோம். சமையலறைக் கதவருகே நின்று அண்ணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் மனதில் ஒன்றே ஒன்று தைத்துவிட்டது. 'ஒடுக்கு மட்டும் இல்லேன்னா ராஜா மாதிரி இருக்கும்.' அத்தை உயிராக வைத்திருக்கிற குடம். அதில் ஒரு குறை. செலவைப் பார்த்து அத்தை அப்படியே விட்டிருக்கிறாள் போல. பெருநாளுக்குச் சரி செய்து வைத்தால் எவ்வளவு சந்தோஷப்படுவாள்!

ஈஸ்டருக்கு வீடு வெள்ளையடித்துக்கொண்டிருந்த வாரம். மாதா கோயிலைக் கழுவிவிடத் தெருப் பெண்களோடு அம்மாவும் போயிருந்தாள். ஈயம் பூசுகிறவர் வந்து வேப்பமரத்தடியில் துருத்தியை வைத்தார். அம்மா இல்லை, விரட்ட ஆள் இல்லை. அண்ணி குடத்தைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள். நான் பள்ளிக்கூடத்து விடைத்தாள்களோடு உள்ளே உட்கார்ந்திருந்தேன். மரச் சுத்தியின் சத்தம் டொக் டொக்கென்று கேட்டது. யார் வீட்டு அண்டாவோ என்று இருந்துவிட்டேன்.

மனுஷன் வேலைக்காரர்தான், சும்மா சொல்லக்கூடாது. ஒடுக்கு இருந்த பக்கம் எது என்றே தெரியவில்லை. அண்ணி அதை மறுபடி தேய்த்து, துடைத்து, மேலே ஒரு கொத்து வேப்பம்பூ வேறு செருகி நடுக்கூடத்தில் வைத்திருந்தாள். நான் எழுந்து வந்து பார்த்தேன். "அடிப் பாவி, இன்னா காரியம் பண்ணிட்ட!" என்று மட்டும்தான் வாயில் வந்தது. விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்துப் போனது.

அம்மா வந்தாள். குடத்தைப் பார்த்தாள். சிரித்தாள்கூட, பூவைப் பார்த்து. அப்புறம் பழக்கத்தில் தூக்கி ஒடுக்கைத் தெருப்பக்கம் திருப்பப் போனாள். கட்டைவிரல் தேடியது. ஒரு சுற்றுச் சுற்றினாள். இன்னொரு சுற்றுச் சுற்றினாள். குடத்தைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

"நாந்தான் அத்தே" என்றாள் அண்ணி. "எனக்குத் தெரியாது அத்தே. நல்லா இருக்கட்டும்னு…" அதற்கு மேல் அவளால் முடியவில்லை, ஓவென்று அழுதுவிட்டாள்.

அம்மா கத்தியிருந்தால் எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கத்துவதில் அவளை மிஞ்ச லைன் வீட்டில் ஆள் கிடையாது. அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. குடத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா வேலை முடிந்து வந்தார், விஷயம் தெரிந்து, "அறியாத பொண்ணு, வுட்டுடு" என்று மெல்லச் சொன்னார். அண்ணன் லோகோ ஷெட்டிலிருந்து வந்தான். பெண்டாட்டி அழுவதைப் பார்த்தான், அம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். நேரே போய் அப்பாவின் சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்தான்.

"இதுக்கா இவ்ளோ பேஜாரு? எந்த எடம்னு காட்டும்மா. நானே அதே மாதிரி ஒரு ஒடுக்கு போட்டுத் தரேன்."

அப்போதுதான் அம்மாவுக்குக் குரல் வந்தது. வீடே அதிர்ந்தது.

"கீழ வைடா அத்த! எவனோ ஒதச்ச ஒடுக்க என் புள்ள போடுவியா? என் வூட்டுல, என் கொடத்துல? கையி ஒடிஞ்சிடும் ஒனக்கு!" அண்ணன் சுத்தியலை வைத்துவிட்டு வாசலுக்கே போய்விட்டான். அம்மா எழுந்தாள். அழுதுகொண்டிருந்த அண்ணியின் முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். "அழுவாத. ஒடுக்கு எடுத்தாச்சு, அவ்ளோதான். அப்போ தண்ணி மொண்டாவணும். நாளைக்குக் காலைல போறோம். எடுத்தவ நீ, நீயும் வா."

அப்பா பதறினார். "இன்னாடி வெளயாடறியா? அங்க நம்ம சனம் கீது."

"நைனா, இப்ப சட்டம் வந்தாச்சு. கிணறு எல்லாருக்கும் பொது. தடுத்தா ஜெயில்" என்றேன் நான், பள்ளிக்கூடத்துக் குரலில்.

"சட்டம் வந்து தண்ணி மொள்ளுமாடி? நாந்தான் மொள்ளணும்" என்றாள் அம்மா. ஆனால் அவள் குரலில் இருந்த பயம் போய்விட்டதா என்றால், போகவில்லை. துடைத்த குடத்தையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். அத்தனை வருஷம் அவளைத் தடுத்து வைத்திருந்த பயம் அப்படியே இருந்தது. தள்ளிப்போட இருந்த சாக்குதான் போய்விட்டது.

காலையில் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் பஸ். அம்மா, அண்ணி, நான். அண்ணனுக்கு ஷெட்டில் டூட்டி. "நான் வரல" என்ற அப்பா கடைசி நிமிஷத்தில் ஓடிவந்து பின்வாசலில் ஏறினார். காலிக் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்து, "இன்னாம்மா, மாமல்லபுரத்துல தண்ணி பஞ்சமா?" என்றார் கண்டக்டர். "இல்ல, எனக்குத்தான் பஞ்சம்" என்றாள் அம்மா. மாமல்லபுரத்தில் இறங்கி ஒரு கடையில் புதுக் கயிறு வாங்கினாள். ஊர்க்காரர்களின் கயிற்றைக் கேட்டு நிற்கக் கூடாதாம். பிறகு கால்வாய்க் கரையோடு வடக்கே நடை.

எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். விஷயம் கேட்டதும் பாதிப் பேர் முகம் மாறியது. சித்தப்பா முறையில் ஒருவர் அம்மாவைப் பார்த்து, "அண்ணி, வாணாம். நீங்க மொண்டுகினு போய்டுவீங்க. நாள பொழுது நாங்க இங்கதான் கீறோம்" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அதனாலதான் இத்தினி வருசம் வரல" என்றாள். "இன்னிக்கும் நீ வாணான்னு கண்டிசனா சொன்னா, நான் திரும்பிப் போய்டறேன். சொல்லு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சொல்லவில்லை. அம்மா நடந்தாள். அண்ணியும் நானும் பின்னால். எங்களுக்குப் பின்னால் அப்பா. திரும்பிப் பார்த்தபோது, அவருக்குப் பின்னால் அந்தச் சித்தப்பாவும் வந்துகொண்டிருந்தார்.

கிணற்றில் நாலைந்து பெண்கள். ராட்டினம் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. அம்மா மேடையின் விளிம்பில் ஒரு கணம் நின்றாள். காலைத் தூக்கி மேலே வைத்தாள். ராட்டினம் நின்றது.

"யாரு நீ?" என்றாள் ஒருத்தி.

"இந்த ஊரு மருமவ."

"எந்த வூட்டு மருமவ?"

"கெழக்கால தெரு."

ஒருத்தி தன் குடத்திலிருந்த தண்ணீரை அப்படியே தரையில் கவிழ்த்துவிட்டு, வெறுங்குடத்தோடு மேடையை விட்டு இறங்கிப் போனாள். தண்ணீர் எங்கள் காலடியில் ஓடியது. "ஊத்திகினு போ, கெணத்துல நெறயா கீது" என்றாள் அம்மா அவள் முதுகைப் பார்த்து. எதிர்வீட்டிலிருந்து ஓர் ஆள் எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த குடையைப் பார்த்தார், காலில் போட்டிருந்த செருப்பைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். சட்டத்துக்குப் பயந்தாரோ, வாத்தியாரம்மாவுக்குப் பயந்தாரோ, எதுவானால் என்ன.

வயதான ஒரு பெண் மட்டும் நகராமல் நின்றாள். குடத்தையும் அம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மா அவளிடம், அன்றைக்குக் குடத்தை உதைத்த அந்தப் பெரிய மனிதரின் வீட்டைச் சொல்லி, "அவரு கீறாரா?" என்று கேட்டாள்.

"அவரு போயி ரொம்ப நாளாச்சே."

அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. "செத்துட்டாரா? இன்னும் கொஞ்ச நாளு இருந்துட்டுப் போவக்கூடாதா?" என்றாள். மனதார, ஆற்றாமையோடு சொன்னாள். அந்தக் கிழவிக்கு என்ன தோன்றியதோ, ராட்டினத்திலிருந்து தன் கயிற்றை உருவி வழிவிட்டாள். "மொண்டுக்க" என்றாள். அந்த ஒரு சொல்தான் அந்த ஊர் எங்களுக்குக் கொடுத்தது. நான் மறக்கவில்லை.

அம்மா புதுக் கயிற்றைக் குடத்தின் கழுத்தில் கட்டி, ராட்டினத்தில் போட்டு இறக்கினாள். தண்ணீரில் குடம் மோதும் சத்தம் கேட்டது. இழுத்தாள். அண்ணி கைகொடுக்கப் போனபோது, "தள்ளு" என்றாள். வாய் வரைக்கும் நிறைந்து குடம் மேலே வந்தது. கயிற்றை அவிழ்த்து இடுப்பில் வைத்தாள். வந்த வழியே போகவில்லை. ஊருக்கு நடுவே, பெரிய தெரு வழியாக, கோயிலைச் சுற்றிக்கொண்டு, நிமிர்ந்து நடந்தாள். ஒரு பக்கப் புடவை முழுக்க நனைந்து போயிற்று. கதவுகள் திறந்தன, மூடின. என் வாழ்க்கையில் நான் எத்தனையோ ஊர்வலம் பார்த்திருக்கிறேன், கொடியும் மேளமுமாக. அன்றைக்கு என் அம்மாவுக்குப் பின்னால் நடந்தேனே, அதற்குக் கால் தூசு பெறாது ஒன்றும்.

எங்கள் தெருவில் எல்லோரும் காத்திருந்தார்கள். அம்மா ஒரு வாசலில் குடத்தை இறக்கினாள். கிணற்றடியிலும் அவள் குடித்திருக்கவில்லை. யாரோ ஒரு டம்ளர் கொண்டுவந்தார்கள். அம்மா முதல் டம்ளரை மொண்டு அண்ணியிடம் நீட்டினாள்.

"நீங்க மொதல்ல, அத்தே."

"ஒடுக்கு எடுத்தவ நீ. குடி."

அந்தத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தலைமுறை தலைமுறையாக அந்தத் தெருவில் பிறந்து செத்த ஒருவர் நாக்கிலும் அது பட்டதில்லை. அண்ணி இரண்டு கையாலும் டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தாள். முகம் ஒரு மாதிரியாகப் போனது. எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். பாவம், அவளுக்குத்தான் பொய் வராதே.

"உப்பு கரிக்குது அத்தே."

அம்மா டம்ளரைப் பிடுங்கி மிச்சத்தைத் தானே குடித்தாள். இன்னொரு டம்ளர் மொண்டு குடித்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் பயந்து பக்கத்தில் போனேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர் வர, விலாவைப் பிடித்துக்கொண்டு.

"அடப் பாவிங்களா! இந்தத் தண்ணிக்காடா இத்தினி காலம் காவ காத்தீங்க?"

முதலில் அப்பா சிரித்தார். பிறகு சித்தப்பா. பிறகு தெருவே சிரித்தது. சிரித்துக்கொண்டே ஒவ்வொருவராக வந்து டம்ளரை வாங்கிக் குடித்தார்கள். கரித்தது, முகத்தைச் சுளித்தார்கள், இன்னொரு வாய் கேட்டார்கள். மறுநாள் காலையில் சித்தப்பா வீட்டுப் பெண்கள் மண்பானையோடு அந்தக் கிணற்றுக்குப் போனார்கள் என்று பிறகு சேதி வந்தது.